வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய

சாமான்களை அளக்க வந்த கப்பல் கம்பெனிக்காரர் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு அறை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுபோல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

"ஒரு கனமீட்டர்கூடத் தேறாது போலிருக்கே. உங்க ஆபீஸ்ல மூணு கனமீட்டருக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. குடும்பம் பின்னாடி வருதா?"

"இல்ல."

கேட்டிருக்க வேண்டாமோ என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் போய் நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

"அங்க நிக்குற பைக் யாருது?"

"என்னுது."

"அடடே, அதைச் சொல்ல மாட்டீங்களா!" என்றார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். ஹேண்டில்பாரைக் கழற்றி மரப்பெட்டிக்குள் வைத்தால் சரியாக இரண்டு கனமீட்டர் என்றார். "வீடு ஒண்ணு, வண்டி ரெண்டு. ஆக மூணு. கச்சிதமா இருக்கு."

பிறகு விரல்விட்டு எண்ணிச் சொன்னார். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். டயர் இடுக்கில் மண் இருக்கக் கூடாது. போகிற நாட்டுக்காரர்களுக்கு வெளி மண் என்றால் பயம், ஒரு பொடி தெரிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசியாக, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும். அவற்றின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

"திங்கட்கிழமைக்குள்ள அனுப்புறதா வேண்டாமான்னு சொல்லிடுங்க மேடம். அதுக்கப்புறம் பெட்டி செய்ய நேரம் இருக்காது."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இரண்டே வார்த்தைதான். அதற்கே தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வேதியியல் படித்தவள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆலைக் கழிவு எல்லாம் பாட்டில் பாட்டிலாக வரும். பாட்டில்கள் கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போயிற்று. ஆறு வருஷத்தில் அவள் கூட்டத்தில் வாய் திறந்தது இரண்டு தடவை. அதில் ஒரு தடவை தும்மல். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'சைலன்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் பெரிய வாயாடி.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பி, முதல் சிக்னலைத் தாண்டியதும் ஆரம்பிப்பாள். காலையில் மேலாளர் சொன்னதற்குச் சொல்லாமல் விட்ட பதில், மதியம் சிரிக்காமல் விட்ட நகைச்சுவை, லிஃப்டில் பார்த்த பெண்ணிடம் 'உங்க பை அழகா இருக்கு' என்று சொல்ல நினைத்தது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வாள். இன்ஜின் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. வீடு வந்து சேர நாற்பது நிமிஷம். அதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும்போது வாயும் அணைந்துவிடும்.

கடல் தாண்டி இருக்கிற தலைமை ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷ வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தங்குகிற அறையிலிருந்து வேலைக்கு ஐந்து நிமிஷ நடை என்று கடிதத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் எதைப் பேசி முடிப்பது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஐந்து நிமிஷ நடைக்கு எதற்கு வண்டி என்பது பிறகு தோன்றியது.

அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா வாக்கப்பட்டுப் போனது ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில்.

"பைக்கையா? கப்பல்லயா? ஏண்டி, நீ தனியா கிளம்பிப் போறதே எனக்குச் சம்மதமில்ல. இதுல வண்டி வேற கூட வருதா?"

"இடம் இருக்குன்னு சொன்னாங்க."

"இடம் இருந்தா அனுப்பிடறதா? வண்டியையும் கொண்டுபோயிட்டா நீ திரும்பி வர மாதிரியா இருக்கு? மூணு வருஷம்தானே. வித்துத் தொலை."

"விக்க மாட்டேன்."

"அப்போ இங்க கொண்டுவந்து போடு. உங்க மாமா பாத்துக்குவாரு."

மாமா பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கல்லூரி முடித்ததும் அவளுடைய சைக்கிளை மாமா பார்த்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் அதை மாமாவின் நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்குறேன்க்கா," என்று வைத்துவிட்டாள்.

இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். வீட்டுச் சொந்தக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆனால் சும்மா நிற்கிற வண்டி சும்மா இருக்காது. பேட்டரி செத்துப்போகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், டயர் ஒரே பக்கம் சப்பிப்போகும். வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். அதைச் செய்யச் சொல்லிக் கேட்கக்கூடியவர்கள் யார் யார் என்று எழுத ஒரு தாளை எடுத்தாள். ஒன்று என்று எழுதிப் பக்கத்தில் புள்ளி வைத்தாள்.

காவலாளிகள் இரண்டு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர்களின் முகம் தெரியும், கதவு தெரியும், செருப்புகள்கூடத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் ஒரு ஸ்டேப்ளர் கேட்கவே அவளுக்கு அரைநாள் ஆகும். ஆறு வருஷம் இருந்த ஊரில் வாரத்துக்குப் பத்து நிமிஷம் கேட்க ஆள் இல்லை.

தேநீர் ஆறிப்போகும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைத் திருப்பி, 'அனுப்பிவிடலாம்' என்று எழுதினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் பென்சிலோடு கீழே இறங்கினாள். சேஸிஸ் நம்பர் அச்சு நன்றாக விழுந்தது. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. இன்ஜின் நம்பருக்காகத் தரையில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, தாளை வைத்துத் தேய்த்தாள். கடைசி நான்கு எண்களும் வேறாக இருந்தன.

ஆய்வுக்கூடத்துப் பழக்கம், மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே விடைதான். விடைதான் தப்பு.

வேலைக்குப் போகாமல் நேராக மெக்கானிக்கிடம் போனாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் விடுகிறாள். அகலமான மனிதர். வாய் அதைவிட அகலம்.

"நம்பர் மாறியிருக்கா? ஆபீஸ்ல எவனோ தூக்கக்கலக்கத்துல எழுதியிருப்பான்மா. விடு."

அவள் மூன்று அச்சுகளையும் நீட்டினாள். அவர் தாளைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ," என்றார் மெதுவாக. "வெள்ளம்."

நாலு வருஷத்துக்கு முன்னால் பெருமழையில் பாதி ஊர் வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அந்த வாரம் அவர் பதினோரு இன்ஜின்களை இறக்கினார். எது யாருடையது என்று அவர் அட்டையெல்லாம் கட்டுவதில்லை. இன்ஜின் மேலேயே சாக்பீஸால் ஒரு அடையாளம் போட்டுவிடுவார். அவளுடையதற்கு ஒரு கண்ணாடி பாட்டில் வரைந்தாராம். பிறகு எல்லா இன்ஜினையும் வரிசையாக வைத்து மண்ணெண்ணெயால் கழுவினார்.

"சாக்பீஸும் போயிடுச்சா?" என்றாள்.

"போகாம? ஆனா எனக்குத்தான் மனப்பாடமாச்சே. அப்படித்தான் நெனச்சேன்." தலையைச் சொறிந்தார். "உன் மாடல் அன்னிக்கு ரெண்டுதான் இருந்துச்சு. இன்னொண்ணு லிஃப்ட் ரிப்பேர்காரரோடது. நாலு வருஷமா அவர் இன்ஜினை நீ ஓட்டுற. உன் இன்ஜினை அவர் ஓட்டுறாரு. ரெண்டு பேரும் ஒரு நாள் வந்து குறை சொல்லலையேம்மா! அதுக்கு என்னைப் பாராட்டணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பெட்ரோல் போடுகிறபோதெல்லாம் ஓடிய தூரத்தை ஒரு நோட்டில் குறித்து வைப்பது அவள் வழக்கம். வெள்ளத்துக்குப் பிறகு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடியதை அவளே எழுதியிருக்கிறாள். பக்கத்தில் 'சர்வீஸ் நன்று' என்றும் எழுதியிருக்கிறாள்.

புத்தகத்தில் நம்பரைத் திருத்த விண்ணப்பித்தால் ஒன்றரை மாதமாவது ஆகும். கப்பலுக்கு அவ்வளவு நாள் இல்லை. இன்ஜினை மாற்றிப் போட ஒரு நாள் போதும் என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவரே லிஃப்ட்காரர் வீட்டு வாசலுக்குக் கருவிகளோடு வந்து செய்து தருவதாகச் சொன்னார். "நீ மட்டும் நாளைக்குப் போய் விஷயத்தைப் பக்குவமா சொல்லிடு. நான் சொன்னா அடிப்பாரு."

பக்குவமாகச் சொல்ல ஊரிலேயே பொருத்தமில்லாத ஆளைப் பிடித்திருக்கிறார் என்று அன்று ஹெல்மெட்டுக்குள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனாள்.

லிஃப்ட்காரரின் வீடு நான்கு மாடிக் கட்டடத்தில் தரைத்தளம். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஐம்பதைத் தாண்டியவர், காதோரம் நரை, சட்டைப்பையில் டெஸ்டர். சனிக்கிழமை மதியம் அவள் வாசலில் நின்று, எதுவும் சொல்லாமல் பென்சில் அச்சுத் தாளையும் ஆர்.சி. புத்தகத்தையும் நீட்டினாள். அவர் தன் வண்டியடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா, சீக்கிரம் வா!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"என்ன சொன்னே?"

"வெள்ளத்துக்கு அப்புறம் வண்டி சத்தம் மாறிடுச்சுன்னு சொன்னேன். உன் காதுலதான் தண்ணி போயிருக்குன்னு சொன்னீங்க. எத்தனை தடவை சொன்னேன்! நம்ம வண்டி தெரு முனையில திரும்பும்போது ஒரு இருமல் இருமும். இது இருமவே இருமாது, சும்மா முனகிக்கிட்டே வரும்." அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உன் வீட்ல ஒருத்தரும் கவனிக்கலையா, சத்தம் மாறினதை?"

"இல்லக்கா," என்றாள். "வீட்ல... யாரும் இல்ல."

அந்த அம்மாள் ஒரு நொடி அவளையே பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று லிஃப்ட்காரர் உடனே ஒத்துக்கொண்டார். "கப்பல் ஏறப்போற வண்டி, சொந்த இதயத்தோட போகட்டும்" என்றார். அவர் மனைவிதான் டம்ளரை எடுத்தபடி கேட்டார்.

"அப்போ மறுபடி இருமுமா?"

"இருமும். நீதானே இத்தனை நாளா அதுக்கு அழுத?"

"அது அப்போ. இப்ப இந்த முனகலுக்கு இல்ல பழகிப்போச்சு? இது தெரு முனையில கேட்டாத்தான் அடுப்புல தண்ணி வெப்பேன். நாலு வருஷமா அப்படித்தான். நீங்க கதவைத் திறக்கவும் தண்ணி கொதிக்கவும் சரியா இருக்கும்." பிறகு தன்னைத் தானே அதட்டிக்கொண்டார். "சரி விடு, காது எதுக்கும் பழகும்."

திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதல் சிக்னல் தாண்டியது, இரண்டாவது தாண்டியது. காலுக்குக் கீழே இன்ஜின் ஒவ்வொரு திருப்பத்திலும் சின்னதாக இருமியது. நாலு வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்து போய் வந்திருக்கிறாள், ஒரு நாளும் கேட்டதில்லை. அவள்தான் பேசிக்கொண்டே இருந்தாளே. அவளுடைய இன்ஜினோ இவ்வளவு காலமும் எங்கோ ஒரு தெரு முனையில் முனகிக்கொண்டு திரும்பியிருக்கிறது, அதற்காக ஒருவர் அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறார். தன்னிடம் இருந்திருந்தால் அதற்கு அது கிடைத்திருக்காது.

அன்று அவள் வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தபோது தெரு வழக்கம்போல இருந்தது. எந்த ஜன்னலும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய காரணமும் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினாள். வழி முழுக்க ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள். முதலில் 'உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா' என்று ஆரம்பித்தாள். சரியில்லை. 'ஒரு சின்ன உதவி' என்று ஆரம்பித்தாள். சின்ன உதவி என்றாலே பெரிதாக வரப்போகிறது என்று கேட்கிறவர் பயந்துவிடுவார். நேராகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து நேராகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தத் தெரு முனையில் திரும்பும்போது வேகத்தைக் குறைத்தாள். கதவுக்கு வெளியே லிஃப்ட்காரரும் மனைவியும் நின்றிருந்தார்கள். நிறுத்தினால் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வண்டியை நிறுத்துமுன்பே ஆரம்பித்து, முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இருவரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பேசும்மா," என்றார் லிஃப்ட்காரர். "ஒண்ணும் கேக்கல."

சாவியைத் திருப்பினாள். தெரு நிசப்தமானது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின் மேல் வைத்தாள். முகத்தில் காற்று பட்டது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை.

"மாத்த வேண்டாம்," என்றாள்.

"என்னது?"

"இன்ஜின். மாத்த வேண்டாம். நான் வண்டியை அனுப்பல. இங்கேயே..." செருமினாள். "வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ஸ்டார்ட் பண்ணணும். பத்து நிமிஷம். எனக்குக் கேக்க வேற ஆள் இல்ல."

கடைசி வாக்கியம் ஒத்திகையில் இல்லாதது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காது சூடேறியது.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவேயில்லை.

"இதுக்கா காலங்காத்தால இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்குற?" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணிவிட்டா ஆச்சு. இவருக்கும் பேப்பர் படிக்குறதைத் தவிர ஒரு வேலை வேணும்ல."

"அதுக்குள்ள இருக்குறது என் இன்ஜின்," என்றார் லிஃப்ட்காரர். "நான் ஸ்டார்ட் பண்ணாம வேற எவன் பண்ணுவான்?"

கருவிப்பையோடு வந்து சேர்ந்த மெக்கானிக் விஷயத்தைக் கேட்டு, தன்னை ஆண்டவனே காப்பாற்றியதாகச் சொன்னார். புத்தகங்களில் நம்பரைத் திருத்தும் விண்ணப்பத்தை அவரே எழுதினார். அவளும் லிஃப்ட்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றரை மாதம் என்ன, ஆறு மாதம் ஆனாலும் இனிக் கவலையில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் அவளைத் தடுத்தார். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டிட்டுப் போ."

அவள் ஸ்டார்ட் செய்தாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இன்ஜின் ஒருமுறை இருமியது.

"இதேதான்," என்றார் கண்ணைத் திறக்காமல். "இந்தச் சத்தம் வந்தா என் பொண்ணு புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடிவந்து படிக்குற மாதிரி உக்காந்துக்குவா. இப்ப அவ எங்கயோ தூர ஊர்ல இருக்கா."

வண்டியை அவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுத்தவர், "வண்டி எங்கம்மா, பஞ்சரா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். நாற்பது நிமிஷமும் வாய் சும்மா இருந்தது. சுற்றிலும் இத்தனை பேர் இருந்தார்கள். பேசத்தான் மறைவான இடம் இல்லை.

திங்கட்கிழமை காலை கப்பல் கம்பெனிக்காரருக்குச் சொன்னாள். அவருக்குத் தன் சொந்த வண்டியே நின்றுபோன மாதிரி இருந்தது. "ரெண்டு கனமீட்டர் சும்மா போகுதே மேடம். வேற ஏதாவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க. ஒரு சோபா, ஒரு அலமாரி?" யோசித்துப் பார்த்தாள். இல்லை.

அடுத்த வியாழன் ஆட்கள் வந்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கட்டி எடுத்துப் போனார்கள். ஹெல்மெட்டை மட்டும் பெட்டியில் போட விடவில்லை. "வண்டியே வரல, இதை எங்க போடுவீங்க?" என்று ஒருவர் சிரித்தார். கையோடு எடுத்துப் போவதாகச் சொன்னாள்.

ஞாயிறு விமானம். காலையில் வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் ஹெல்மெட். போன் அடித்தது.

"கிளம்பிட்டியா?" லிஃப்ட்காரர் மனைவியின் குரல்.

"இன்னும் இல்லக்கா."

"இரு, வெக்காதே. இவரு வாசல்ல நிக்குறாரு."

ஏதோ தட்டியது, செருப்பு நடந்தது. பிறகு ஒரு இன்ஜின் உயிர்பெற்றது. போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். சாமான்கள் இல்லாத அறையில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, ஜன்னல்வரை போய் நிறைந்தது. அவள் அசையாமல் கேட்டாள்.

"இது எது சொல்லு?" என்று அந்த அம்மாள் சத்தத்துக்கு மேலே கத்தினார். "உன் வண்டியா, எங்க வண்டியா?"

அவள் போன் பக்கம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, இருமுகிறதா என்று காத்திருந்தாள்.

"தெரியலக்கா," என்றாள்.

"நாலு ஞாயிறு கேட்டா தெரிஞ்சிடும்," என்றார் அவர். "இரு, அடுத்ததைப் போடச் சொல்றேன்."